மயில்கழுத்துத் தொட்டி

"எனக்கு இந்தத் தொட்டி வேணாம்மா. அதோ மூலையில இருக்குது பாரு, அதைக் குடு."

கலையரசி வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு, சாயப்பட்டறைக் கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் கேட்டபடி செய்த புது எவர்சில்வர் தொட்டி எதிரிலேயே பளிச்சென்று நின்றது. அவர் கண்ணோ மூலையை விட்டு நகரவில்லை. அங்கே இருந்த தொட்டியில் வெல்டிங் ஓரமெல்லாம் நீலமும் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. அசல் மயில்கழுத்து.

கலியாணசுந்தரத்துக்கு இது விளையாட்டு விஷயமில்லை. பழைய தொட்டியில் துரு விட்டு, முகூர்த்தப் புடவைக்கான பட்டு நூல் முழுக்கக் கறையாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஜவுளிக்கடைக்காரர் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வார். அந்தச் சனியனை எங்கேயாவது பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டு வா என்று முந்தாநாள்தான் ஆளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைச் செய்த புண்ணியவானை ஓரிக்கையில் இருக்கும் கலையரசியின் பட்டறைக்கு வரும் வழியெல்லாம் வைதுகொண்டே வந்தார்.

மூலையில் இருப்பது வேண்டாம், அந்த நிறமே கோளாறு என்றாள் கலையரசி.

"இரும்புக் கதவு பத்த வைக்க அடிக்கிற கேஸ்ல கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்கும்ணே. எவர்சில்வருக்கு அது ஆகாது. பத்த வச்ச எடம் நிறம் மாறும், அப்புறம் அங்கதான் துரு பிடிக்கும். நான் சுத்த ஆர்கான் கேஸ் போடுறேன். அதான் வெள்ளையா இருக்குது."

கலியாணசுந்தரம் சிரித்துவிட்டார். நிறத்தைப் பற்றி அவருக்கே பாடமா?

"முப்பது வருஷமா சாயத்துல முங்கி எழுந்துக்கினு இருக்கேம்மா. மயில்கழுத்து கொண்டார நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். இவன் நெருப்புலயே கொண்டாந்துட்டான். இவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். என் பழைய தொட்டியைச் செஞ்சானே ஒருத்தன், அவனும் இருக்கானே!"

கலையரசி மூலைத் தொட்டியை வெளிச்சத்துக்கு உருட்டி வந்தாள்.

"நேத்து பூராச் சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சேன்ணே. அவ்ளோ சாயம் அப்பிக்கினு இருந்துச்சு. எடுத்துக்கினு போறதுன்னா, ஒரு தடவை நல்லா பார்த்துடுங்க."

அவர் ஆசையாகக் குனிந்தார். உள்ளே, வெல்டிங் ஓடிய வழியெங்கும் துருப்புள்ளிகள். விளிம்பில், வீட்டுப் பாத்திரத்தில் வெட்டுவதுபோலப் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது: கா. கலியாணசுந்தரம்.