ஏற்கெனவே போட்டிருந்த டிக்

பட்டனை அழுத்திய பிறகுதான் ஷபானா திரையின் அடியிலிருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். அதில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ரெபேக்காள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். இறந்துபோன மகள் ஷாரோனின் வலைப்பக்கம் தப்பித்துவிட்டது.

'தோழமை' வலைத்தளத்தை வேறு கம்பெனி வாங்கியிருந்தது. இன்றைக்குள் புதுக் கம்பெனிக்கு மாறாத பழைய கணக்குகள் எல்லாம் அழிக்கப்படும் என்று அறிவிப்பு. வாங்கினவனுக்கு அது லட்சத்தில் ஒரு கணக்கு. ரெபேக்காளுக்கு, மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரே இடம். வீட்டில் மாட்டியிருந்த படங்களை அவள் கணவர் ஏசுபாதம் என்றைக்கோ கழற்றி வைத்துவிட்டார்.

ஷாரோனின் பக்கத்தில் இருப்பது மகாபலிபுரம் கடற்கரையில் எடுத்த படம். துப்பட்டா பறந்து பாதி முகத்தை மறைத்திருக்கும். பிறந்தநாளுக்கு சிநேகிதிகள் இப்போதும் வந்து அதன் கீழே நாலு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள்.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்று ஷபானா சொல்லிப் பார்த்தாள். பேப்பரில் யார் வந்து எழுதுவார்கள் என்று ரெபேக்காள் கேட்டுவிட்டாள்.

ஷபானாவும் ஷாரோனும் ஒரே காலேஜ். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் இந்த பிரவுசிங் சென்டரில்தான் இருவரும் சேர்ந்து கணக்கைத் திறந்தார்கள். பாஸ்வேர்டு ஷபானாவுக்கு மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், ரயிலை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தனியாகக் கடந்த ஷாரோனை லாரி அடித்துப்போட்டது.

ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு ரூபாய் போன் இருந்ததே, அப்பாவின் கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருப்பாரே என்று ரெபேக்காள் புலம்பாத நாளில்லை. ஏசுபாதம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வண்டியை விற்றுவிட்டார். மறைமலைநகரில் வேலை முடிந்து ரயிலில் வருகிறவர், ஊரப்பாக்கத்தில் இறங்காமல் முன்னாலேயே கூடுவாஞ்சேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவார்.

"ஆன்ட்டி, தப்பு பண்ணிட்டேன்" என்றாள் ஷபானா.

அந்த டிக்கை எடுக்காமல் விட்டதால், ஷாரோனின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் பெயரிலேயே மெயில் போய்விட்டது. புதுக் கம்பெனி ஆள் சேர்க்கும் வழி அது. என்ன எழுதியிருக்கிறது என்று ரெபேக்காள் கேட்டாள். ஷபானா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். ஷாரோன் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், வந்து சேருங்கள்.

ரெபேக்காளுக்கு ஷாரோனின் சிநேகிதிகள் நினைப்பு வந்தது. பாவம், அந்தப் பிள்ளைகள் பதறிப்போகுமே.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. ஒருவர் அழைப்பை ஏற்றுக்கொண்டிருந்தார். ஏசுபாதம்.

கம்பெனி ஸ்டோர்ஸில் லோடு இறக்கிக் கணக்கெழுதும் வேலைக்கு உதவும் என்று அப்பாவுக்கு மெயில் திறந்து கொடுத்தது ஷாரோன்தான். ரெபேக்காள் அவருடைய செல்லுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். மிஷின் அனுப்பிய மெயில் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அரை மணி கழித்து செங்கல்பட்டிலிருந்து வரும் ரயில் வந்து நின்றது. ஸ்டேஷனிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தில் ஏசுபாதம் இருந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கியது. கூட்டம் கலைந்த பிறகும் அவர் நகரவில்லை. சுவரில் மாட்டியிருந்த, இப்போது வேலை செய்யாத அந்தச் சிவப்பு ஒரு ரூபாய் போன் பக்கத்தில் நின்றுவிட்டார்.

ரெபேக்காள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அது மிஷின் அனுப்பினது என்றாள். தெரியும் என்று தலையாட்டினார். அவளைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அவ போன் பண்ணா, ரெபேக்கா. அங்கியே நில்லு, வரேன்னேன். லோடு வந்துட்ச்சி. ரொம்ப நேரம் நின்னுகினு இருந்திருப்பா."