வன்னியில் ஒரு சுரங்கம்

கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்ட கரிக்கோச்சி பளையை நெருங்கிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு சுரங்கம். நேற்று அதற்குள்தான் அது கவிழ்ந்தது.

“நிப்பாட்டடா!” என்று கத்தினார் முத்துலிங்கம்.

பிரதாபன் சுவிட்சைத் தட்டினான். சாப்பாட்டு மேசையின் நடுவில் முழ நீள ரயில் அப்படியே நின்றது.

“என்ன அண்ணை?”

“தேத்தண்ணி வருது. குடிச்சிட்டுத் தோற்கலாம்.”

நேற்றுத்தான் முதல் ஓட்டம். இன்றும் ஒரு சுற்று முழுதாக ஓடாவிட்டால், பிரதாபன் ஒரு வருடமாக அராவி அராவிச் செய்த இஞ்சின் பக்கத்து வீட்டு முத்துலிங்கத்துக்கு. வாய்க்கொழுப்பில் கட்டிய பந்தயம்.

“வன்னியில எங்கயடா மலை? கண்டறியாத சுரங்கம்!”

“வடிவுக்கு அண்ணை.”

பிரதாபனின் மனைவி ஜெயரூபி கோப்பையை நீட்டினாள்.

“இந்த வெயிலுக்குத் தேத்தண்ணியோ பிள்ளை? நேற்று என்ர மரத்தில தேசிக்காய் ஆய்ஞ்சு தந்தனான், கரைச்சிருக்கலாமே?”

“அது முடிஞ்சுது அண்ணை. நான் நாள் பார்த்து ஓடவிடச் சொன்னனான், இவர் எங்க கேட்டவர்?” முணுமுணுத்தபடி அவள் குசினிக்குள் நழுவினாள்.

பிரதாபன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினான். ரயில் சுரங்கத்துக்குள் புகுந்தது.

டொக். கடகட. அமைதி.

“கொண்டா இஞ்சினை!” முத்துலிங்கம் கையை நீட்டினார்.

நேற்றுக் கடைசிப் பெட்டியைப் பிடித்து இழுத்தெடுத்த பிரதாபன், இன்று அட்டை மலையையே தூக்கினான். குப்புறக் கிடந்த இஞ்சினுக்கு முன்னால், தண்டவாளத்தில் இரண்டு எலுமிச்சங்காய்கள்.

“கையை எடுங்கோ அண்ணை! இது உங்கட மரத்துத் தேசிக்காய். நேற்றும் மலைக்குப் பக்கத்திலதான் குந்திக்கொண்டிருந்தனீங்கள்!”

“டேய், பிள்ளையாராணை நான் தொடேல்லையடா!”

“இனி இந்த வீட்டுப் படி ஏறாதேங்கோ!”

முகம் சிவக்க முத்துலிங்கம் செருப்பைத் தேடினார். ஜெயரூபி அகப்பையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“அண்ணையை ஏன் ஏசுறியள்? புது வண்டி எண்டா சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்கிறதுதானே! நீங்கள் சிரிப்பியள் எண்டு ஒளிச்சு வைச்சனான்.”

“அப்ப நேற்று?”

“நேற்று ஒண்டு வைச்சும் கவிண்டது. அதுதான் இண்டைக்கு ரெண்டு!”