வெறும் துகள்கள்

ஆக்லாந்து ஆய்வகத்தின் சன்னல் வழியே சாயங்கால வெயில் மேசையில் விழுகிறது. காந்தத்தை ஒட்டி நிற்கும் குழாயில், ரத்தத்தோடு கலந்த இரும்புத் துகள்கள் பழுப்புக் கறையாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. அவற்றில் ஒரு புற்றுநோய்ச் செல்லும் சிக்கவில்லை என்று திரை காட்டுகிறது. ரத்தம் கொடுத்தவர், சோதனை செய்யும் மாராமாவின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் ஆய்வகத்தின் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் லியோட்டா, போன மாதம்தான் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர். "ஒண்ணுமே மாட்டலையா தங்கச்சி? அப்ப வியாதி போயிடுச்சு," என்கிறார். மாராமாவின் கண் மேசையோரத்துப் புட்டியிலேயே நிற்கிறது. புற்றுச் செல்லைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைத் துகள்களில் ஒட்டவைக்கக் காலையில் அவள் அதிலிருந்து ஊற்றியது வேறு கரைசல். ஆன்டிபாடி ஒட்டவே இல்லை. வெறும் துகள், புற்று இருந்தாலும் பிடிக்காது. அதற்குள் லியோட்டா மனைவியைக் கைபேசியில் அழைத்துவிட்டார். "லூபே, எனக்குச் சரியாயிடுச்சுடி," என்று சொல்லும்போதே அவர் குரல் உடைகிறது. மாராமா அவர் முழங்கையைப் பிடிக்கிறாள். "அண்ணே, தப்பு என்னுது. இந்தச் சோதனை செல்லாது. மறுபடி ரத்தம் எடுக்கணும்." அவர் அவளையே பார்க்கிறார். கைபேசிக்குள் லூபே பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வதும், அவர்கள் கைதட்டுவதும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.