அதே இடத்தில் கோளாறு

"ஆறு பயணம், ஆறு தடவை கோளாறு! அதுவும் அதே இடத்துல. ஆபீஸ்ல உமக்கு என்ன பேர் தெரியுமா? மக்கர் மன்னர்!"

கப்பல் கம்பெனியின் ஆய்வாளர் பதிவேட்டை மேசைமேல் எறிந்தார். தலைமைப் பொறியாளர் தலைகுனிந்து நின்றார். அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடும் உத்தரவு ஆய்வாளரின் பையில் தயாராக இருந்தது.

"அப்படி என்னதான்யா கோளாறு?"

"இன்ஜின் சூடாயிடுது சார். மூணு மணி நேரம் மெதுவா ஓட்ட வேண்டியிருக்கு."

"முப்பது வருஷ சர்வீஸ்ல இதைத்தான் கத்துக்கிட்டீரா?"

"என் தப்புதான் சார்."

அருகில் நின்ற கேப்டன் தொண்டையைக் கனைத்தார்.

ஆய்வாளரும் ஒரு காலத்தில் இயந்திர அறையில் வெந்து தணிந்தவர்தாம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே இறங்கினார். வடிகட்டிகளைக் கழற்றிப் பார்த்தார். குளிர்நீர்ப் பம்பைப் பிரித்துப் பார்த்தார். இயந்திரத்தை ஓடவிட்டு, அருகில் நின்று காதுகொடுத்துக் கேட்டார். குறை சொல்ல ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை.

"குழந்தை மாதிரி வெச்சிருக்கீரு. இது சூடாகுதா? யார் காதுல பூ சுத்துறீரு?"

"சூடாகுது சார்" என்றார் பொறியாளர், பிடிவாதமாக.

"போதும் சீஃப்!" கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. "வேகத்தைக் குறைக்கச் சொன்னது நான்தான் சார். இந்த சீசன்ல திமிங்கலங்க குட்டியோட அந்த வழியாத்தான் போகுது. உலகத்துல மிஞ்சியிருக்கறதே கொஞ்சம். குட்டி ரொம்ப மெல்லிசாத்தான் தாயைக் கூப்பிடும். நம்ம கப்பல் போடற இரைச்சல்ல அது தாய் காதுல விழாது. மெதுவாப் போனா இரைச்சல் அடங்கிடும்."

"அதை அப்படியே எழுதறதுக்கு என்ன?"

"இந்த ஆறு பயணத்துக்கு முன்னாடியே ஒரு தடவை எழுதினேனே! 'நாலு மீனுக்காகத் தாமதம் பண்ணினா வேற கேப்டன் வருவார்'னு பதில் வந்தது."

"எவன் போட்டான் அந்தப் பதிலை?"

கேப்டன் தயங்கினார். "நீங்கதான் சார்."

ஆய்வாளர் பையிலிருந்த உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார். அடுத்த பயணத்திற்கான அட்டவணையில் மூன்று மணி நேரத்தைக் கூட்டினார். காரணம் என்னும் கட்டத்தில் 'திமிங்கிலங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தம் கையெழுத்தை இட்டார்.

"மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றவர், படியேறும்போது பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்யா, கேப்டன் சொன்னா நீர் எதுக்குப் பேரைக் கெடுத்துக்கணும்? அவர் தலையிலேயே போட்டிருக்கலாமே?"

"என்னை இறக்கிவிட்டா வேற ஆள் வருவான், இன்ஜின் ஓடும். அவரை இறக்கிவிட்டா, வர்றவர் அந்த இடத்துல வேகத்தைக் குறைக்கணுமே சார்!"