மண்டபத்தில் குண்டு

"பத்து வருஷம் எல்லாம் பத்தாதுங்க. ஆயுசு முழுக்க உள்ளயே வெச்சிருக்கணும்!"

மூக்குக்கண்ணாடிக் கடையின் டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. குண்டு வைத்திருப்பதாகப் புரளி கிளப்புகிறவர்களுக்கும், போனில் மிரட்டுகிறவர்களுக்கும் தண்டனையைக் கடுமையாக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறிவிட்டதாம். இனிமேல் பத்து வருடம் வரை சிறை. ஜாமீன் கிடைப்பதும் லேசில்லை.

"பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போன் பண்ணி, பச்சப் பிள்ளைங்கள வெயில்ல நிக்க வெக்கறானுங்க. மனுஷனுங்களா இவனுங்க?" பிரேமில் கண்ணாடியைப் பொருத்தியபடியே மேலும் பொரிந்து தள்ளினாள் கடைக்காரரின் மனைவி.

கடைக்காரர் டி.வி. பக்கமே திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரின் சோதனைக் கண்ணாடியில் வேறொரு வில்லையை மாட்டி, "இப்ப கீழ் வரி தெரியுதா?" என்றார்.

"மூட்டமாத்தான் இருக்கு" என்றார் பெரியவர். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். மகன் வீட்டோடு இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி இவர்களுக்கு எதுவும் தெரியாது.

"எங்க கல்யாணத்தப்பவும் இப்படித்தான் ஒரு கடங்காரன் போன் பண்ணினான், தெரியுமா?" என்றாள் மனைவி.

"அட! எங்கம்மா?"

"பழைய மார்க்கெட்டுக்குப் பின்னாடி, மாடியில பெரிய கடிகாரம் வெச்ச மண்டபம். இப்ப இடிச்சுட்டாங்க."

அதைச் சொல்லும்போதே அவள் குரலில் இருந்த காரம் போய்விட்டது.

"எல்லாரும் உக்காந்தாச்சு. திடுதிடுன்னு போலீஸ் வந்து, 'வெளிய போங்க'ன்னு கத்துது. எங்க அத்தை செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடறாங்க. சித்தப்பா அழற குழந்தையைத் தூக்கிட்டு ஓடறார், யாரோட குழந்தைன்னே தெரியல. நான் வெறுங்காலோட ரோட்டுக்கு வந்துட்டேன். தார் கொதிக்குது. இவர் வந்து தன்னோட ஷூவைக் கழட்டி என் முன்னாடி வெச்சார்."

"பேசிப் பழக்கமா?"

"எங்கங்க! பெரியவங்க பேசி முடிச்சது. போட்டோவில பார்த்ததோட சரி. 'உங்களுக்குக் கால் சுடலையா?'ன்னு கேட்டேன். 'உயிர் போகுது'ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். மரத்தடியில உக்காந்து என்னென்னவோ பேசினோம். மண்டபம் பூரா மோப்பம் பிடிச்ச போலீஸ் நாய், கடைசியில சமையல்கட்டுல போய் உக்காந்துடுச்சாம். குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாயங்காலமே கல்யாணம். ஆனா அந்த போன் பண்ணினவன் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா..."

கடைக்காரர் வில்லைப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பேசிப் பழகாத பெண்ணோடு காலம் பூராவும் எப்படிக் குப்பை கொட்டுவது என்ற பயம் அன்றைக்கு அவருக்கு. வேண்டாமென்று சொன்னதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி போலீசுக்குப் போன் செய்தது அவர்தான். அடுத்த ஒரு மணி நேரத்திலேயே அந்தப் பெண் இல்லாமல் வாழ முடியாது என்று ஆகிப்போனது. அதன்பிறகு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கல்யாண நாளிலும் அவள் அந்த முகம் தெரியாதவனைத் திட்டுவாள். அவரும் கூடவே, "ஆமா, படுபாவி" என்பார்.

பெரியவர் சோதனைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடிகார மண்டபம்... அன்னைக்கு ஸ்டேஷன்ல போனை எடுத்ததே நான்தாம்மா. அங்க ஏட்டா இருந்தேன்."

கடைக்காரரின் கையிலிருந்த வில்லை மேஜையில் உருண்டது. இத்தனை வருட தாம்பத்தியம் இந்த நாற்காலியில் வைத்தா சந்தி சிரிக்க வேண்டும்?

"பழைய கதைங்க ஏட்டய்யா, அதை விடுங்க. கண்ணைப் பார்ப்போம்" என்றார் அவசரமாக.

"ஆமாங்க, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள் மனைவியும். அவள் கை வேலையை நிறுத்தியிருந்தது.

"இருங்க தம்பி, இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிருக்கேன்" என்று பெரியவர் சிரித்தார். "அன்னைக்கு வந்தது ஒரு போன் இல்ல, ரெண்டு. மாப்பிள்ளை ரூம்லேருந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆம்பளைக் குரல். அதுக்கும் முன்னாடியே பொண்ணு ரூம்லேருந்து, 'மண்டபத்துல குண்டு இருக்கு, கல்யாணம் முடியறதுக்குள்ள வந்துடுங்க சார்'னு விசும்பிக்கிட்டே ஒரு பொம்பளைக் குரல். எக்ஸ்சேஞ்சில விசாரிச்சுட்டு உங்களைப் பிடிக்க வந்தா, நீங்க மரத்தடியில உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கீங்க. 'நல்லாயிருக்கட்டும், விடுய்யா'ன்னுட்டார் இன்ஸ்பெக்டர். இந்தச் சட்டம் மட்டும் அப்பவே இருந்திருந்தா, ரெண்டு பேரையும் ஜோடியா உள்ள தள்ளியிருப்போம்!"