பெயர்ப் பலகையில் பி.எஸ்ஸி.

இன்னும் இருபத்தொன்பது மணி நேரம்.

நாளை மாலை ஐந்து மணிக்குள் தங்கை சங்கவியின் முதல் பட்டதாரி சான்றிதழ் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசு ஏற்கும். சேராவிட்டால் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கையில் எதுவும் இல்லை.

விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் விண்ணப்பம்.

அதை நிரப்பியது சங்கவியின் அக்காதான்.

அவள் வேலையே அதுதான். ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பள்ளி பள்ளியாகப் போகிறாள். இந்த மாதம் மட்டும் பதினான்கு பள்ளிகள். எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ், எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எல்லாம் மனப்பாடம். காசில்லை என்று யாரும் படிப்பை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு நாளாக வெந்நீர்தான்.

நேற்றும் ஒரு தலைமையாசிரியர் அவள் பெயரோடு பி.எஸ்ஸி. சேர்த்து மைக்கில் அறிமுகப்படுத்தினார்.

அவள் தரையில் கிடந்த மைக் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலர் பேனா மூடியால் ஒரு வரியைத் தட்டினார்.

“அக்கா படிப்பு, பன்னெண்டாவதுன்னு போட்டிருக்கு. வாசல்ல பேரு பலகைல பி.எஸ்ஸி. பிசிக்ஸ்னு இருக்கு. வெளிய ஒரு படிப்பு, உள்ள ஒரு படிப்பா?”

அப்பா சிரித்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். பலகை அவர் எழுதச் சொன்னது. சொந்தத்தில் யார் விசேஷம் வைத்தாலும், பத்திரிகையில் மகள் பெயருக்குப் பின்னால் அந்த மூன்றெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை இல்லை. அந்தக் காதணி விழாவுக்கு அவர் போகவில்லை.

“கைத்தவறா எழுதியிருப்பா சார்” என்றார். “ஊருக்கெல்லாம் எழுதுது புள்ள. சொந்த வூட்டுக்கு எழுதறப்ப தூக்கம் வந்திருக்கும்.”

சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். கறுப்பு அங்கி. நாலு மூலைத் தொப்பி. கையில் ரிப்பன் கட்டிய சுருள்.

மூன்றும் ஸ்டூடியோவுடையவை.

அலுவலர் படத்தையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் மாறியது.

“வீட்ல ஒரு பட்டதாரி இருந்தா இது கெடைக்காதுங்க. அத மறைச்சி எழுதறது பெரிய தப்பு. நான் கையெழுத்துப் போட்டா எனக்கு வேல போயிடும்.”

சங்கவி அக்காவைப் பார்த்தாள். மூன்று வாரமாகக் கல்லூரியின் வாசலை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள். அவள் கண்ணில் கோபம் இல்லை. இவ்வளவு தெரிந்தவள் இதில் எப்படித் தப்பு செய்தாள் என்ற கேள்விதான்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

“அப்ப வேணாம் சார். பொய் சொல்லி வாங்கற படிப்பு நமக்கு எதுக்கு? இல்லாதவங்களுக்குப் போவட்டும்.”

சங்கவி உள்ளே போய்விட்டாள்.

அலுவலர் பேனாவைத் திறந்தார்.

விண்ணப்பத்தில் எங்கே எழுதுவார், என்ன எழுதுவார் என்பதும் அக்காவுக்குத் தெரியும். ஒரு வரி போதும்.

நவம்பரில் ஒரு நாள். ஏப்ரலில் ஒரு நாள். ஆறு வருடமாக அவள் லீவு எடுக்கும் நாட்கள். மாவட்ட மீட்டிங் என்பாள். அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுப்பாள். அப்பா பஸ் ஏற்றிவிட்டு, நடத்துநரிடம், “ஆபீஸ் போற புள்ள, எடம் பாத்து உக்கார வைய்யி” என்பார்.

“சார், கொஞ்சம் இருங்க.”

வெறும் காற்றுதான் வந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

பேனா காகிதத்தைத் தொட்டது.

அவள் எழுந்து போய், ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள். பின்னால் இருந்த சுவர் மட்டும் இன்னும் புது நீலமாக இருந்தது.

அலுவலர் நிமிர்ந்தார்.

அவரிடம் சொல்வது சுலபம். யாரோ ஒருவர். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அலுவலர் பக்கம் திரும்பாமல், அப்பாவின் துண்டைப் பார்த்து, துண்டுக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு பேப்பர் இன்னும் நிக்குதுப்பா. நான் டிகிரி வாங்கவே இல்ல.”