தையல்காரி அக்கா

ஒரு பூவரச மரத்தில் தையல்சிட்டு ஒன்று, இலைகளை நாரால் தைத்து மற்றப் பறவைகளுக்குக் கூடு கட்டிக் கொடுத்துப் பிழைத்துவந்தது. அதற்கு ஒரே குஞ்சு. பக்கத்துக் கிளை அணிலோ, "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்று வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்து போகாது. அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருமுறை கூடு முடியாமல் போய், ஒரு மணிப்புறாவின் முட்டை தரையில் விழுந்து உடைந்தது. சிட்டு அதை மறக்கவே இல்லை.

அதன்பிறகு தினமும் காலையில் குஞ்சுக்கு ஊட்டிவிட்டு, "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லி, ஓர் இலை தள்ளிப் போய் உட்கார்ந்து தைக்கும்.

அன்று கொண்டைக்குருவி முட்டையிடும் நாள். கூடு எப்போது முடியும் என்று அது கிளையில் தவித்துக்கொண்டு நின்றது.

"ஒரு இலை தள்ளி உட்கார்ந்தா வேலைக்குப் போறதாக்கும்!" என்று அணில் சிரித்தது. சிட்டு அடுத்த இலையில் நாரைக் கோத்தது.

"அம்மா!" என்றது குஞ்சு.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க கண்ணு" என்றது சிட்டு.

"அப்போ நீங்க யாரு?"

"நான் தையல்காரி."

குஞ்சு கொஞ்சம் யோசித்தது. "தையல்காரி அக்கா, எங்க அம்மாவைப் பார்த்தா எனக்குப் பசிக்குதுன்னு சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிட்டு நாரை வேகமாக இழுத்தது. கடைசி முடிச்சு விழுந்ததும் கொண்டைக்குருவி கூட்டுக்குள் புகுந்தது. சிட்டு ஒரு புழுவைத் தேடிப் பிடித்துவந்து குஞ்சுக்கு ஊட்டியது.

குஞ்சு விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஏம்மா இவ்வளவு நேரம்? அந்த அக்கா உன்கிட்ட அப்பவே சொல்லலையா?"